அனிமேயில் மந்திர வட்டங்கள்: கேள்வி பதில்

கேள்வி: ‘ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட்’ தொடரில் மற்ற ரசவாதிகள் ஒரு பொருளை இன்னொன்றாக மாற்ற வட்டம் வரைகிறார்கள். நாயகன் எட்வர்ட் மட்டும் கை தட்டினால் போதுமா?

பதில்: அந்தக் கதையில் வட்டம் என்பது ஆற்றல் சுற்றி ஓடும் பாதை. உள்ளே இருக்கும் கோடுகளும் குறிகளும் எதை எதுவாக மாற்றுவது என்ற சூத்திரம். ரசவாத அறிவெல்லாம் அடங்கிய சத்தியத்தின் வாசலைக் கண்டு திரும்பிய எட்வர்டுக்குள் அந்தச் சூத்திரம் குடியிருக்கிறது. இரு கைகளும் சேர்ந்தால் அவன் உடலே வட்டமாகிவிடும். அதற்கு அவன் கொடுத்த விலை இடது கால். அவன் கை தட்டும்போதெல்லாம் எனக்கு அந்தக் கால்தான் நினைவுக்கு வரும்.

கேள்வி: மழை பெய்தால் அதே தொடரின் நெருப்பு ரசவாதி மஸ்டாங் ஏன் செயலிழந்துபோகிறார்?

பதில்: நான் மிகவும் விரும்பும் வட்டம் அவருடையது. வெள்ளைக் கையுறையின் புறங்கையில் சிவப்பு வட்டம், நடுவே நெருப்புப் பல்லி. பலர் அந்த வட்டத்திலிருந்தே நெருப்பு வருகிறது என்று நினைக்கிறார்கள். இல்லை. விரலைச் சொடுக்கும்போது கையுறைத் துணி உரசித் தீப்பொறி எழுகிறது. காற்றில் ஆக்சிஜனைக் கூட்டிக் குறைத்து நெருப்பை வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோவதுதான் வட்டத்தின் வேலை. துணி நனைந்தால் பொறி இல்லை. எதிரியான லஸ்டுடன் மோதும் காட்சியில் கையுறை உதவாமல் போக, தன் புறங்கைத் தோலையே கீறி வட்டம் வரைந்துகொள்கிறார். பொறிக்கு ஒரு சிகரெட் லைட்டர். விதி தெளிவாக இருப்பதால்தான் அந்த ரத்தம் நம்மை உலுக்குகிறது.

கேள்வி: நிஞ்சா தொடரான ‘நருட்டோ’வின் கைமுத்திரைகள் நம் நாட்டிலிருந்து போனவையா?

பதில்: வேர் இங்கேதான். தாந்திரிக பௌத்தத்தின் முத்திரைகள் சீனா வழியாக ஜப்பானின் ஷிங்கோன் பௌத்த மரபுக்குச் சென்றன. ஆனால் ‘நருட்டோ’வின் 12 அடிப்படை முத்திரைகளுக்கு எலி, எருது, புலி என்று சீன ராசி விலங்குகளின் பெயர்கள். ‘ஜுஜுட்சு கைசென்’ தொடரில் சாபங்களின் அரசன் சுகுனா பிடிப்பதோ எம்மாதென் முத்திரை. எம்மாதென் வேறு யாருமல்ல, நம் யமன்!

கேள்வி: ‘மடோகா மாஜிகா’வில் சூனியக்காரிகள் வரும்போது தெரியும் விசித்திர எழுத்துகளுக்குப் பொருள் உண்டா?

பதில்: உண்டு. 2011இல் தொடர் ஒளிபரப்பான நாட்களிலேயே ரசிகர்கள் எழுத்துக்கு எழுத்து பொருத்திப் படித்துவிட்டார்கள். கிடைத்தவற்றில் ஜெர்மன் கவிஞர் கதேயின் ‘ஃபாஸ்ட்’ நாடக வரிகளும் இருந்தன. நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

கேள்வி: இப்போதைய தொடர்களில் வட்டம் ஒளிர்ந்து சுழல்கிறது, அவ்வளவுதான். எனக்கு மட்டும்தான் சலிக்கிறதா?

பதில்: எனக்கும் சலிக்கிறது. எந்த வட்டத்தை எடுத்து எங்கே ஒட்டினாலும் கதை மாறாது என்றால் அது வெறும் கோலம். ‘கார்ட்கேப்டர் சகுரா’வைப் பாருங்கள். மந்திரச் சீட்டுகளை உருவாக்கிய க்ளோவின் வட்டத்தில் சூரியனும் சந்திரனும் இருக்கும். சகுரா தன் சொந்த ஆற்றலைக் கண்டடைந்ததும் அவள் காலடியில் விரியும் வட்டத்தின் நடுவே ஒரு நட்சத்திரம் வந்து நிற்கும். ஒரு வசனமும் தேவைப்படாது.