8,000 ரூபாய்க்கு 75 பெர்சன்டா? அந்தப் பணத்தை எடுத்து உள்ள வைங்கம்மா

கேள்வி: என் மகனுக்கு 6 வயசு. மதுரையில ஒரு தனியார் டாக்டர் ஆட்டிசம்னு ரிப்போர்ட் குடுத்திருக்கார், அரசு பெரியாஸ்பத்திரியிலயும் ஒரு தடவை காட்டி ஓபி சீட்டு இருக்கு. தெரபி சென்டர்ல மாசம் 14,000 கேக்குறாங்க, வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுறார், கட்டுப்படியாகல. ஒருத்தர் 8,000 குடுத்தா 75 பெர்சன்ட் ஊனம்னு போட்டு கார்டு வாங்கி மாசாமாசம் பணமும் வர வச்சுத் தர்றேங்கறார். இப்ப திருமங்கலத்துல வாடகைக்கு இருக்கோம், ஆனா ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் ஆண்டிபட்டி அட்ரஸ். கார்டு வாங்கினா பின்னாடி ஸ்கூல்ல பிள்ளைய ஒதுக்கிருவாங்கன்னு மாமியார் பயப்படுறாங்க. என்ன செய்ய?

பதில்:

மொதல்ல அந்த 8,000. இன்னும் குடுக்கலைன்னு நம்புறேன். குடுத்திருந்தா போனது போகட்டும், மேக்கொண்டு ஒத்த ரூபா குடுக்காதீங்க. இந்த ஆளுங்க எப்படிப் பொழப்பு ஓட்டுறாங்கன்னு சொல்றேன் கேளுங்க. பத்து குடும்பத்துக்கிட்ட காசு வாங்குவான், பத்து பேரையும் மெடிக்கல் போர்டுக்கு, அதாவது ஊனம் எத்தனை பெர்சன்ட்னு பாக்குற அரசு டாக்டருங்க குழுவுக்கு அனுப்புவான், அவ்வளவுதான் அவன் செய்யிற வேலை. பத்துல மூணு பிள்ளைக்கு உண்மையிலயே பாதிப்பு ஜாஸ்தி இருக்கும், டாக்டருங்க அவங்களா பாத்து 75க்கு மேல போடுவாங்க, இவன் வெளிய நின்னு "பாத்தீங்களா, பேசிட்டேன்"ம்பான். மிச்சம் ஏழு பேர்கிட்ட "இந்தத் தடவை புது டாக்டர், அடுத்த தடவை முடிச்சுரலாம்"ம்பான். உள்ள இருக்கிற டாக்டருக்கு இவன் யாருன்னே தெரியாது. சில பேர் இன்னும் மோசம், போலி சர்டிபிகேட்டே அடிச்சுக் குடுக்குறான். இப்ப எல்லாம் ஆன்லைன்ல ஏறுது, நம்பர் போட்டா தெரிஞ்சுரும், பொய்யாச் சலுகை வாங்கினா 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், ஒரு லட்சம் வரைக்கும் அபராதம்னு இருக்கு. மாட்டுறது அவன் இல்ல, நீங்க.

அந்த 2016 சட்டம் வந்ததுக்கப்புறம்தான் 21 வகை குறைபாட்டுல ஆட்டிசமும் தனியா ஒண்ணா வந்துச்சு. 40 பெர்சன்டுக்கு மேல இருந்தா பெரும்பாலான சலுகைக்குக் கதவு தொறக்கும். அதனால உங்களுக்கு இப்ப வேண்டியது ரெண்டே சமாச்சாரம், ஊனச் சான்றிதழ், அதோட வர்ற யூடிஐடிங்கற மாற்றுத்திறனாளி அடையாளக் கார்டு. விண்ணப்பிக்கிறது இலவசம். ஸ்வாவலம்பன்ங்கற மத்திய அரசு வெப்சைட்ல நீங்களே போடலாம், போன்லயே போடலாம், வரலைன்னா இ-சேவை மையத்துல போட்டுத் தருவாங்க, அங்க வாங்குற சின்னக் கட்டணம் தவிர வேற செலவு கெடையாது. பையன் போட்டோ, ஆதார், உங்க கையெழுத்து, அட்ரஸ் புரூஃப், இவ்வளவுதான். மைனர்ங்கறதால அப்பாவோ அம்மாவோ போடலாம். உங்க தனியார் டாக்டர் ரிப்போர்ட் சர்டிபிகேட் ஆகாது, ஆனா போர்டுக்குப் போகும்போது கட்டாயம் கொண்டு போங்க.

இப்ப முக்கியமான எடம். போர்டுல உங்க பையனை எப்படி அளக்குறாங்க தெரியுமா? ரத்தம் எடுக்க மாட்டாங்க, ஸ்கேன் கெடையாது. இசான்னு ஒரு அளவுகோல், 40 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 1லருந்து 5 வரைக்கும் மார்க். கண்ணைப் பாத்துப் பேசுறானா, பேரைச் சொல்லிக் கூப்பிட்டா திரும்புறானா, ஒரே வேலைய திரும்பத் திரும்பச் செய்யிறானா, சத்தத்துக்குக் காதைப் பொத்துறானா, இந்த மாதிரி. மொத்தம் 70க்குக் கீழ வந்தா ஆட்டிசமே இல்லைன்னு போயிரும். இதுல நெறைய கேள்விக்குப் பதில் சொல்றது நீங்கதான், பிள்ளை இல்ல.

இங்கதான் நம்ம அம்மாமாருங்க கோட்டை விடுறது. நான் கூடப் போன ஒரு குடும்பத்துல நடந்ததைச் சொல்றேன். அஞ்சு வயசுப் பையன், வீட்டுல ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு மிக்ஸி ஜாரை எடுத்துச் சுத்திக்கிட்டே இருப்பான், சோத்துல வெள்ளை சாதம் தவிர எதுவும் படக்கூடாது, கொழம்பு ஒரு சொட்டு பட்டாலும் தட்டு பறக்கும். அன்னிக்குப் பாத்து ஆஸ்பத்திரியில அம்மா போனைக் குடுத்துட்டாங்க, அவன் சாமி மாதிரி உக்காந்திருக்கான். டாக்டர் "சொன்ன பேச்சு கேப்பானாம்மா?"ன்னு கேக்குறார், இவங்க "நல்லாக் கேப்பான் சார், ரொம்பச் சமத்து"ங்கறாங்க. பக்கத்துல உக்காந்திருந்த எனக்குத் தலைய எங்க போய் முட்டிக்கிறதுன்னு தெரியல. பெத்தவங்க வாயில பிள்ளையப் பத்திக் கொறையாச் சொல்ல வராது, அது வாஸ்தவம்தான், ஆனா அது போர்டுல சொல்ற பேச்சு இல்லம்மா. பொய் சொல்லச் சொல்லல. நடக்குறதை அப்படியே சொல்லுங்க.

அதுக்கு ஒரு வழி இருக்கு. இன்னிக்கே ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்க. பத்து நாள், காலையிலருந்து ராத்திரி வரைக்கும் அவன் என்ன பண்றான்னு தேதி போட்டு எழுதுங்க. பல் தேய்க்க எத்தனை நேரம், யார் தேய்ச்சு விடுறது, கக்கூஸ் தேவைய சொல்றானா, பஸ்ல ஹாரன் அடிச்சா என்ன பண்றான், கல்யாண வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா எத்தனை நிமிஷம் தாங்குறான். வீட்டுல கத்தி அழுகுறப்ப ரெண்டு நிமிஷம் போன்ல வீடியோ எடுத்து வைங்க, பாவமாத்தான் இருக்கும், எடுங்க. ஸ்கூல்ல சேத்திருந்தா மிஸ்கிட்ட ஒரு பக்கம் எழுதி வாங்குங்க. அன்னிக்கு அவன் கையில போனைக் குடுக்காதீங்க. இந்த நோட்டு அந்த 8,000 ஆளை விட நல்லா வேலை செய்யும்.

அடுத்து ஆண்டிபட்டி, திருமங்கலம் சமாச்சாரம். இதுல நெறைய பேர் சிக்கி அல்லாடுறதால கொஞ்சம் நீட்டித்தான் சொல்லணும். உங்க அட்ரஸ் தேனி மாவட்டம், குடியிருக்கிறது மதுரை மாவட்டம். சர்டிபிகேட் வாங்க சட்டத்துல ரெண்டு வழி இருக்கு: அட்ரஸ் புரூஃப்ல இருக்கிற மாவட்டத்து ஆஸ்பத்திரி, இல்லைன்னா பிள்ளை ஏற்கனவே வைத்தியம் பாக்குற அரசு ஆஸ்பத்திரி. பெரியாஸ்பத்திரியில ஓபி சீட்டு இருக்குன்னீங்கள்ல, அதைத் தொலைச்சுராதீங்க, அதை வச்சு மதுரையிலயே கேக்கலாம், ஆன்லைன்ல போடும்போதே வைத்தியம் பாக்குற ஆஸ்பத்திரின்னு அதைக் காட்டணும். இல்ல, கானாவிலக்குல இருக்கிற தேனி மெடிக்கல் காலேஜுக்கே போயிரலாம், உங்க ஊருக்குப் பக்கம்தான். ரெண்டுல எது வேணாலும் சரி. "வேற மாவட்டம், இங்க பாக்க மாட்டோம்"னு கவுண்டர்ல ஒருத்தர் சொன்னா சண்டை போடாதீங்க, ஓபி சீட்டைக் காட்டி "வைத்தியம் இங்கதான் சார்"னு சொல்லுங்க, அப்பவும் மறுத்தா எழுதிக் குடுங்கன்னு கேளுங்க, எழுதிக் கேட்டாலே பாதி பேருக்குச் சட்டம் ஞாபகம் வந்துரும்.

ஆனா சர்டிபிகேட்டை எங்க வாங்கினாலும் மாசப் பணத்துக்கு மனு குடுக்கிறது அட்ரஸ் இருக்கிற மாவட்டத்து மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துலதான். அதாவது இப்போதைக்குத் தேனி. இனிமே திருமங்கலத்துலயே இருக்கப் போறோம்னா மொதல்ல ஆதார், ரேஷன் கார்டு ரெண்டையும் மாத்துங்க, பையன் ஆதாரையும் சேத்து, அப்புறம் யூடிஐடி போட்டு மதுரை கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுங்க. ரெண்டு வருஷத்துல ஊருக்கே திரும்பிருவோம்னா எதையும் மாத்தாதீங்க. எது பண்ணினாலும் மனு ஓடிக்கிட்டு இருக்கும்போது பாதியில அட்ரஸ் மாத்தாதீங்க, அப்படி மாத்தினா ஃபைல் இங்கிட்டும் இல்லாம அங்கிட்டும் இல்லாம நிக்கும். ஒரே தமிழ்நாடு, ஒரே துறை, ஒரு மாவட்டத்து ஆபீஸ் இன்னொரு மாவட்டத்துக்கு ஒரு பட்டனைத் தட்டினா முடியிற வேலைக்கு ஒரு பிள்ளைத்தாய்ச்சி இடுப்புல ஒண்ணு கையில ஒண்ணோட மூணு பஸ் மாறி வர்றதை நான் பாத்திருக்கேன். கம்ப்யூட்டர் வந்து இம்புட்டு வருஷமாச்சு!

மாசப் பணம்னு அந்த ஆள் சொல்றது பராமரிப்பு உதவித்தொகை, மாசம் 2,000 ரூபா. அறிவுசார் குறைபாட்டுக்கு 40 பெர்சன்டும், கடும் பாதிப்புங்கற வரிசைக்கு 75ம் வச்சிருக்காங்க. அதான் அவன் 75, 75ன்னு மந்திரம் ஓதுறான். உங்க பையன் எந்த வரிசையில வருவான்ங்கறது சர்டிபிகேட்ல என்ன வார்த்தை எழுதியிருக்குங்கறதைப் பொறுத்தது. ஆட்டிசத்தோட அறிவு வளர்ச்சியிலயும் பின்தங்கல் இருந்தா ஐக்யூ டெஸ்டும் எடுத்து அதையும் சேத்து எழுதச் சொல்லி போர்டுலயே கேளுங்க, வெளிய வந்து கேட்டுப் பிரயோஜனம் இல்ல. மனு குடுத்த அடுத்த மாசமே பணம் வரும்னு எதிர்பாக்காதீங்க, வரிசை இருக்கும், நிதி வரலைம்பாங்க. மனு குடுத்ததுக்கு ரசீது வாங்கிக்கங்க, ரொம்ப இழுத்தா திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல ரசீது நகலோட ஒரு மனு. வெறும் வாயால கேட்டதுக்கு இந்த நாட்டுல எந்த மதிப்பும் கெடையாது.

14,000 தெரபிக்கு வருவோம். பெரியாஸ்பத்திரியில டி.இ.ஐ.சி.ன்னு, வளர்ச்சியில பின்தங்கல் உள்ள குழந்தைகளைப் பாக்குற மையம் இருக்கு, அங்க காசு கெடையாது. உங்க ஒன்றியத்து வட்டார வள மையத்துல சிறப்பாசிரியர் இருப்பாங்க, ஸ்கூலுக்கு வர முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கே வந்து சொல்லிக் குடுக்குற ஏற்பாடும் உண்டு. தினமும் கெடைக்காது, அதுவும் நெசம்தான். ஆனா வாரம் ஒரு நாள் அவங்க காட்டுறதை நீங்க வீட்டுல தினம் அரைமணி செஞ்சா அது கணக்குல வரும். தனியார்ல போறதா இருந்தா பேச்சுப் பயிற்சி, சிறப்புக் கல்வி குடுக்குறவங்ககிட்ட ஆர்.சி.ஐ.ங்கற இந்திய மறுவாழ்வு கவுன்சிலோட பதிவு நம்பர் கேளுங்க, நேர்மையானவங்க கோவிச்சுக்க மாட்டாங்க. ஆறு மாசத்துல குணமாக்குறேன், ஸ்டெம்செல் போடுறேன்னு எவனாவது சொன்னா செருப்பைத் தேடுங்க, ஆட்டிசத்துக்கு ஸ்டெம்செல் வேண்டாம்னு தேசிய மருத்துவ ஆணையமே 2022ல சொல்லிருச்சு.

தனியார் பில்லுக்குக் கொஞ்சமாவது திரும்பி வரணும்னா நிராமயான்னு ஒரு இன்சூரன்ஸ் இருக்கு. மத்திய அரசோட நேஷனல் டிரஸ்ட் நடத்துறது, ஆட்டிசம் உள்ளவங்களுக்கு வருஷம் 1 லட்சம் வரைக்கும், தெரபிக்கும் அதுல பங்கு உண்டு, ஆனா ஒவ்வொண்ணுக்கும் உள்வரம்பு இருக்கு, முழு 14,000ம் வரும்னு நெனைக்காதீங்க. கட்டணம் சில நூறு ரூபாதான், பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் வழியாப் போடணும். ஏப்ரல்லருந்து மார்ச் வரைக்கும்தான் அதோட வருஷம், பிப்ரவரியில போய்ச் சேந்துட்டு ஒரு மாசத்துல முடிஞ்சுபோச்சேன்னு அழுகாதீங்க. சீல் வச்ச பில்லு வேணும், துண்டுச் சீட்டுல எழுதிக் குடுக்குற சென்டர்னா அதை மறந்துருங்க.

கார்டு வந்தா சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ல அவனுக்கும் கூடப் போற ஒரு ஆளுக்கும் டிக்கெட் இல்ல. தெரபிக்குத் தினம் அலையிற உங்களுக்கு இதுவே பெருசு.

மாமியார்கிட்ட சொல்லுங்க, கார்டை நீங்க காட்டாம ஸ்கூலுக்குத் தானாத் தெரியப் போறதில்ல. காட்டினா 6 வயசுலருந்து 18 வரைக்கும் இலவசப் படிப்பு சட்டப்படி உரிமை, நாளைக்குப் பத்தாவது பரீட்சையில கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், எல்லாம் இந்த ஒரு காயிதத்தை வச்சுத்தான். ஒதுக்குறவன் கார்டு இல்லாமலும் ஒதுக்குவான், அப்ப கேள்வி கேக்க உங்க கையில ஒண்ணும் இருக்காது.

சின்னப் பிள்ளைக்குக் குடுக்குற சர்டிபிகேட்ல பெரும்பாலும் காலாவதி தேதி இருக்கும், வாங்கின அன்னிக்கே அதைப் பாருங்க, மூணு மாசம் முன்னாடியே புதுப்பிக்கப் போங்க, தேதி தாண்டினா உதவித்தொகை நிக்கும், திரும்ப ஓட வைக்கப் பெரும்பாடு.

ஒண்ணு கேக்க விட்டுப்போச்சு. அந்த ஆள் "ஃபைல் ரெடி பண்றேன்"னு ஆதார், பிறப்புச் சான்றிதழ் ஒரிஜினல் எதையாவது வாங்கி வச்சிருக்கானா? வச்சிருந்தா நாளைக்குக் காலையில வீட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டுப் போய் மொதல்ல அதைத் திருப்பி வாங்குங்க. மத்ததெல்லாம் அதுக்கப்புறம்.