தள்ளுபடி

கேள்வி: ஹெல்மெட் இல்லாமல் ஏற்காட்டுக்குக் கிளம்பினேன். அடிவாரத்தில் ஒரு போலீஸ்காரர் நிறுத்தினார். கெஞ்சியதும் அபராதம் போடாமல் அனுப்பிவிட்டார். நியாயப்பிரமாணம் (மோசே மூலம் வந்த சட்டம்) தண்டிக்கும், கிருபை தள்ளுபடி செய்யும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. சர்ச் வாலிபர் கூட்டத்தில் இதைச் சாட்சியாகச் சொல்லலாமா?
- ஒரு வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: 'தள்ளுபடி' என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். என்ன சொல் பாருங்கள்! ஆடி மாதம் துணிக்கடை வாசலில் தொங்கினால் சந்தோஷம். கூட்டுறவுக் கடன் தள்ளுபடி என்று பேப்பரில் வந்தால் அதைவிடச் சந்தோஷம். அதே சொல் கோர்ட்டு வாசலில் காதில் விழுந்தால்? 'மனு தள்ளுபடி.' வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியாது. கடனைத் தள்ளுவதற்கும் கையேந்தி வந்தவனைத் தள்ளுவதற்கும் தமிழில் ஒரே சொல்தான்.

இன்னொரு சொல்லும் இருக்கிறது. வேதாகமத்தில், பவுல் எழுதிய கொலோசெயர் நிருபம் 2:14-இல் நமக்கு விரோதமான 'கையெழுத்தை'க் குலைத்துச் சிலுவையில் ஆணியடித்தார் என்று படிக்கிறோம். இன்றைக்குக் கையெழுத்து என்றால் செக்கில் போடுவது. பவுல் சொல்வது கடன்பட்டவன் தன் கைப்பட எழுதிக் கொடுத்த சீட்டு, நம் ஊர்ப் பேச்சில் புரோநோட்டு. பிரசங்கிகள் இதை விளக்காமல் தாண்டிப் போவது எனக்குப் பல வருட வருத்தம். கிருபையா அருளா என்று பழைய மொழிபெயர்ப்பு வேதாகமக்காரர்களும் பொது மொழிபெயர்ப்பு வேதாகமக்காரர்களும் மோதிக்கொள்வதுண்டு. அதே சட்டத்தை 'நியாயப்பிரமாணம்' என்றாலும் 'திருச்சட்டம்' என்றாலும் எனக்குச் சரிதான். புரோநோட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

புரோநோட்டு எனக்குப் புரிந்தது செவ்வாய்ப்பேட்டையில், ஒரு மளிகைக் கடையில். அப்பா கொலுசுப் பட்டறையில் வேலை செய்தார். நான் ஏழாவது படிக்கும்போது நாலு மாதம் படுக்கையில் விழுந்துவிட்டார். அம்மா செட்டியார் கடையில் நோட்டுப் போட்டு அரிசி பருப்பு வாங்கினார். கணக்கு 380 ரூபாய்க்கு ஏறிவிட்டது. ஒருநாள் அம்மா கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கல்லாமேல் வைத்தார். செட்டியார் அதைத் தொடவில்லை. நோட்டைத் திறந்து எங்கள் பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். "போங்கம்மா, பையன் பசியோட நிக்கிறான்" என்றார். நெற்றி நிறையத் திருநீறு பூசிய மனிதர். கிருபை என்ற சொல்லை அவர் வாழ்க்கையில் உச்சரித்திருப்பாரா, தெரியாது.

எனக்கு அன்றைக்கு அது வெறும் கோடு. பெரியவனான பிறகுதான் ஒன்று உறைத்தது. செட்டியார் கோடு போட்டுவிட்டார் என்பதற்காக லீ பஜார் மண்டிக்காரர் கோடு போடுவாரா? நாங்கள் சாப்பிட்ட அரிசிக்கு அங்கே அவர் பணம் கட்டியே ஆகவேண்டும். 380 ரூபாய் காணாமல் போகவில்லை. எங்கள் பக்கத்திலிருந்து அவர் பக்கத்துக்கு மாறியது, அவ்வளவுதான்.

மத்தேயு 18-இல் இயேசு சொன்ன உவமையில், ராஜா தன் வேலைக்காரனுக்கு மன்னித்த கடன் பதினாயிரம் தாலந்து. ஒரு தாலந்து சுமார் 6,000 வெள்ளிப்பணம், ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. பெருக்கிப் பாருங்கள், ஆறு கோடி நாள் கூலி! அதில் ஒரு பணம்கூட ஆவியாகிவிடவில்லை, எல்லாம் ராஜாவின் தலையில்தான் விழுந்தது. சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில், வரப்போகும் பாடுகளைப் பாத்திரம் என்று சொல்லி, "இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக்கூடுமானால்" என்று இயேசு கேட்டார். பாத்திரம் நீங்கவில்லை. நம் கடன் தள்ளுபடியாவதற்காக அவருடைய மனு தள்ளுபடியாயிற்று. இதை எழுதும்போது இப்போதும் எனக்குக் கண் கலங்குகிறது.

சரி, உங்கள் போலீஸ்காரரிடம் வருகிறேன். அவர் கையிலிருந்து என்ன போயிற்று? ஒன்றும் போகவில்லை. அபராதம் 1,000 ரூபாய் அரசாங்கத்தினுடையது. அதோடு, அவர் உங்களை வீட்டுக்கா அனுப்பினார்? இருபது கொண்டை ஊசி வளைவுள்ள பாதையில் வெறுந்தலையோடு ஏற அனுப்பினார். ஹெல்மெட் சட்டம் உங்கள் மண்டை ஓட்டின்மேல் அக்கறையுள்ள சட்டம். அதைத் தூக்கிப் போட்டவரை இரக்கமுள்ளவர் என்கிறீர்கள். பிரசங்க மேடைகளில் நியாயப்பிரமாணத்தை வில்லனாக்கி வைத்ததன் விளைவு இது. அறுக்கும்போது வயலின் ஓரத்தை ஏழைக்கு விட்டுவை என்று சொன்னதும் அதே நியாயப்பிரமாணம்தானே? மலைப்பாதையில் வழி குறுகலாக இருந்தால் இறங்குகிற வண்டி ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பதும் சட்டம்தான். மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிறவனை நினைத்து எழுதியது.

அவர் தன் ஹெல்மெட்டைக் கழற்றி உங்கள் தலையில் மாட்டி, அபராதத்தைத் தன் பையிலிருந்து கட்டி, "இனி இப்படி வராதே" என்று அனுப்பியிருந்தால் சாட்சி சொல்லுங்கள், முன்வரிசையில் வந்து உட்காருகிறேன். பாவத்தில் பிடிபட்ட பெண்ணிடம் இயேசு "நீ போ" என்பதோடு நிறுத்தவில்லை, "இனிப் பாவஞ்செய்யாதே" என்றார்.

கோடு போட்ட பிறகு அம்மா செட்டியாரிடம் ஒரு நாள்கூடக் கடன் சொன்னதில்லை. யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை. பக்கத்துத் தெருவில் துவரம்பருப்பு விலை குறைவாகக் கிடைத்தபோதும் அவர் கடைக்கே போனார். சில வருடம் கழித்து, செட்டியார் மகள் கல்யாணத்துக்கு அப்பா தன் கையால் ஒரு ஜோடி கொலுசு செய்தார். வெள்ளிக்கு மட்டும் காசு, கூலி வேண்டவே வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தார். செட்டியார் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் கூலியை எண்ணி, அப்பாவின் பட்டறைப் பலகைமேல் வைத்துவிட்டுத்தான் எழுந்து போனார்.