வளரும் நாடுகளின் பன்னாட்டு நிறுவனங்கள் வெளிநாட்டில் முதலீடு செய்வதால் அவற்றின் புத்தாக்கத் திறன் உண்மையிலேயே கூடுகிறதா?

கூடுகிறது, ஆனால் வெளிநாட்டு நிறுவனத்தை வாங்கிய கையோடு கூடுவதில்லை. நான் மலேசியாவின் சிலிம் ரிவரில் வசிக்கிறேன். ஊரைச் சுற்றிச் செம்பனைத் (பாமாயில் தரும் பனை) தோட்டங்கள். தெற்கே சற்றுத் தொலைவில், தஞ்சோங் மாலிமில், மலேசியக் கார் நிறுவனமான புரோட்டோனின் தொழிற்சாலை. பெரும்பாலும் இந்த இரு தொழில்களை வைத்தே பதில் சொல்கிறேன்.

மலேசியாவின் ஐஓஐ குழுமம் 2002-இல் யூனிலீவரிடமிருந்து லோடர்ஸ் குரோக்லான் என்ற நெதர்லாந்து நிறுவனத்தை வாங்கியது. தோட்டமும் ஆலையும் ஐஓஐயிடம் ஏற்கெனவே இருந்தன. செம்பனை எண்ணெயைச் சாக்லேட்டுக்கும் குழந்தைப் பால்மாவுக்கும் ஏற்ற தனிவகைக் கொழுப்பாக மாற்றும் அறிவு நெதர்லாந்தில் இருந்தது. யூனிலீவர் காலத்திலேயே உருவான பீட்டாபோல் அப்படிப்பட்ட ஒரு பொருள். செம்பனை எண்ணெயில் பால்மிட்டிக் அமிலம் பெரும்பாலும் கொழுப்பு மூலக்கூறின் இரு ஓரங்களில் இருக்கும். தாய்ப்பாலில் அது பெரும்பாலும் நடுவில் இருக்கும். ஓரத்திலிருந்து பிரியும் அமிலம் குழந்தையின் குடலில் கால்சியத்தோடு சேர்ந்து சவர்க்காரமாகிவிடுவதால் மலம் இறுகும், கால்சியமும் வீணாகும். நொதியின் துணையால் ஓரங்களை மட்டும் மாற்றியமைத்தால், தாய்ப்பால் கொழுப்பை ஒத்த கொழுப்பு கிடைக்கும். செம்பனை ஆலையின் ஆய்வுக்கூடத்தில் அன்றாடம் பார்ப்பது தனிக் கொழுப்பமிலம், ஈரப்பதம், மாசு ஆகியவற்றைத்தான்; அமிலம் மூலக்கூறின் எந்த இடத்தில் இருக்கிறது என்ற கேள்வியே அங்கு எழாது. பால்மா தயாரிப்பவர் பக்கத்தில் இருந்து நச்சரிக்கும் இடத்தில்தான் அது எழும். வெளிநாட்டு முதலீட்டின் முதல் பயன் இதுதான் என்பேன். (2018-இல் ஐஓஐ அந்நிறுவனத்தின் 70 விழுக்காட்டை அமெரிக்காவின் பங்கி நிறுவனத்துக்கு விற்றுவிட்டது.)

கார் தொழிலின் கதை வேறு. புரோட்டோன் 1996-இல் இங்கிலாந்தின் லோட்டஸ் கார் நிறுவனத்தை வாங்கியது. புரோட்டோனின் சாத்ரியா ஜிடிஐ காரை வளைவுகளில் ஓட்டியவர்கள் அதன் பலனை மறுக்கமாட்டார்கள். 2004-இல் ஜென்-2 காரோடு வந்த கெம்ப்ரோ இயந்திரமும் லோட்டஸின் துணையோடு உருவானதே. ஆனால், என் கணிப்பில், காப்புவரியின் நிழலில் சிறிய உள்நாட்டுச் சந்தையை நம்பியிருந்த ஒரு நிறுவனத்துக்கு, ஒரு தலைமுறை இயந்திரத்தை முடித்த கையோடு அடுத்ததைத் தொடங்கும் அளவுக்கு விற்பனையும் இல்லை, அவசரமும் இல்லை.

2010-இல் ஃபோர்டிடமிருந்து சுவீடனின் வோல்வோ கார் நிறுவனத்தை வாங்கிய சீனக் கார் நிறுவனமான ஜீலி, வோல்வோவைத் தன் போக்கில் நடக்கவிட்டு, இரண்டுக்கும் பொதுவான தொழில்நுட்ப மையம் ஒன்றை 2013-இல் சுவீடனின் கோத்தன்பர்க்கில் தனியே தொடங்கியது. அங்கு உருவான பொது அடித்தளத்தில்தான் வோல்வோ எக்ஸ்சி40 காரும் ஜீலி குழுமத்தின் லிங்க் அண்ட் கோ கார்களும் எழுந்தன. ஒரு வரைபடத்தை விலைக்கு வாங்குவது வேறு; ஏன் இந்த அளவு, ஏன் இந்த உலோகம் என்று வரைந்தவரிடமே ஆண்டுக்கணக்கில் வாதாடுவது வேறு. 2017-இல் ஜீலி புரோட்டோனின் 49.9 விழுக்காட்டை வாங்கியது. வோல்வோவும் ஜீலியும் சேர்ந்து உருவாக்கிய 1.5 லிட்டர், மூன்று சிலிண்டர் டர்போ இயந்திரம் 2020-இல் புரோட்டோன் எக்ஸ்50 காரில் இங்கு வந்து சேர்ந்தது. அதே உடன்பாட்டில் லோட்டஸின் 51 விழுக்காடும் ஜீலியிடம் போனது. அந்த மனத்தாங்கல் எனக்கு இன்னும் தீரவில்லை.

நிறுவனம் கைக்கு வந்தாலும் அறிவு கைக்கு வராமல் சட்டம் தடுக்கலாம். இந்தியக் காற்றாலை நிறுவனமான சுஸ்லான் 2007-இல் ஜெர்மனியின் ரீபவரைத் தன் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தது. ஆனால் சிறுபான்மைப் பங்குதாரர்களைக் காக்கும் ஜெர்மன் சட்டத்தால், அதன் தொழில்நுட்பத்தை நினைத்தபடி எடுத்தாள இயலவில்லை. 2011-இல் முழு உரிமை கிடைத்தபோது சுஸ்லான் கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது. 2015-இல், அதற்குள் சென்வியான் என்று பெயர் மாறியிருந்த அந்த நிறுவனத்தைச் சுமார் 100 கோடி யூரோவுக்கு விற்றுவிட்டார்கள்.