ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் வீட்டு முன் சாலையோரத்தில் தோட்டம் போட கவுன்சிலையும் அக்கம்பக்கத்தாரையும் எப்படிச் சம்மதிக்க வைப்பது?

நடைபாதைக்கும் சாலைக்கும் இடையிலுள்ள அந்தப் புல்தரையை நீங்களே வெட்டிப் பராமரித்தாலும் அது பொதுநிலம். முதலில் உங்கள் கவுன்சிலின் (உள்ளாட்சி மன்றத்தின்) விதிமுறையைப் படியுங்கள். பல கவுன்சில்கள் இதற்கு எதிரிகளே அல்ல. பெர்த்திலுள்ள வின்சென்ட் நகரக் கவுன்சில் புல்லைத் தானே அகற்றி, உள்நாட்டுச் செடிகளும் கொடுத்து உதவியிருக்கிறது. உங்கள் பகுதியில் அப்படித் திட்டம் இல்லையென்றால், வார்டு உறுப்பினருக்கு இதையே முன்மாதிரியாகக் காட்டி எழுதுங்கள்.

பெர்த்தில் எடுபடும் வாதம் அழகு அல்ல, தண்ணீர். ஸ்பிரிங்க்ளருக்கு வாரத்தில் 2 நாள்தான் அனுமதி. குளிர்காலத்தில் அதுவும் கிடையாது. கங்காரு பா (kangaroo paw) போன்ற உள்நாட்டுச் செடிகள் வேரூன்றிய பிறகு, மணல் மண்ணில் புல் குடிக்கும் நீரில் சிறு பங்கே அவற்றுக்குப் போதும்.

அண்டை வீட்டாரின் கவலை வேறு: விருந்தினர் காரை எங்கே நிறுத்துவது, குப்பைத் தொட்டியை எங்கே வைப்பது, காரைப் பின்னுக்கு எடுக்கும்போது சாலை தெரியுமா? நேரில் போய், ஒரு தாளில் வரைந்து காட்டுங்கள். தொட்டிக்கும் தபால்காரருக்கும் வழி விட்டு, குட்டையான செடிகளாகப் போட்டால் பாதி முணுமுணுப்பு அடங்கிவிடும்.

பழமரம் வேண்டுமென்றால் எழுத்துபூர்வ அனுமதி அவசியம். குயின்ஸ்லாந்தின் புடெரிமில் தெருவே சேர்ந்து வளர்த்த மரங்களில் சிலவற்றை, அனுமதித் தகராறில் 2017இல் கவுன்சில் அகற்றிவிட்டது. வாய்மொழிச் சம்மதத்தை நான் நம்பமாட்டேன்.

தோண்டும் முன், நிலத்தடிக் குழாய், கேபிள் விவரத்தை ‘பிஃபோர் யூ டிக் ஆஸ்திரேலியா’ (Before You Dig Australia) சேவையில் இலவசமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.