தொலைநோக்கியில் பொருத்தும் சிசிடி கேமராவை ஏன் அவ்வளவு குளிரில் வைக்கிறார்கள்?

இரவு வானமே குளிர்தானே, தனியாகக் குளிரூட்டல் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். சிக்கல் வானத்தில் இல்லை, சிசிடி எனப்படும், ஒளியை உணரும் சிலிக்கான் சில்லில் இருக்கிறது. ஒளித்துகள் பட்டால் அதில் ஓர் எலக்ட்ரான் விடுபடும். அவற்றை எண்ணித்தான் படம் உருவாகிறது. வெப்பமும் அதே வேலையைச் செய்யும், கேமராவுக்கு இரண்டும் ஒன்றுதான். செல்போனில் பொதுவாக ஒரு நொடிக்கும் குறைவாகவே படமெடுப்பதால் இது தெரியாது. மங்கலான விண்மீன் மண்டலத்துக்காக அரை மணி நேரம் ஷட்டரைத் திறந்து வைத்தால் தெரியும்!

வெப்பநிலை சுமார் 6, 7 டிகிரி செல்சியஸ் குறையும்போதெல்லாம் இந்த வெப்ப எலக்ட்ரான்கள் பாதியாகும். அதனால்தான் பெரிய ஆய்வகங்களில் திரவ நைட்ரஜனால் -100 டிகிரி வரை இறக்குகிறார்கள். அமெச்சூர்களுக்கு மின்சாரத்தில் இயங்கும் பெல்டியர் குளிரூட்டியே தாராளம். கூடவே மூடியை மாட்டி, அதே வெப்பநிலையில், அதே நேர அளவுக்கு ஓர் இருட்டுப் படம் எடுத்து, அதை உங்கள் வானப் படத்திலிருந்து கழித்துவிடுங்கள்.