சிலிண்டருக்குச் சங்கிலி போட்டது யார்?

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு வயது 31. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். அப்பா இல்லை, அம்மா வீட்டு வேலைக்குப் போகிறார். 19 வயதில் கஞ்சாவில் ஆரம்பித்து, வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுகிற வரைக்கும் போனேன். தங்கையின் இலவச லேப்டாப் உள்பட வீட்டில் இருந்ததை எல்லாம் விற்றேன். கஞ்சா வழக்கில் 14 மாதம் புழலில் இருந்தேன். அங்கே சிறை ஊழியத்துக்கு வந்த சகோதரர்கள் மூலம் ஆண்டவரை ஏற்றுக்கொண்டேன். ஒரே ராத்திரியில் அந்த ஆசை போய்விட்டது. வெளியே வந்து நாலு மாதம் ஆகிறது, எதையும் தொடவில்லை. பாஸ்டர் என்னைப் பல சபைகளுக்கு அழைத்துப்போய் சாட்சி சொல்ல வைக்கிறார். வாரத்தில் இரண்டு நாள் பெயின்டிங் வேலை, மற்ற நாள் ஊழியம். ஆனால் வீட்டில் நிம்மதி இல்லை. சாமி படங்களை எடுத்துவிடுங்கள் என்றால் அம்மா கேட்பதில்லை. தங்கை பேசுவதே இல்லை. கேஸ் சிலிண்டருக்குப் போட்ட சங்கிலியைக்கூட அம்மா இன்னும் எடுக்கவில்லை. நான் புது மனுஷன் என்று இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது? வீட்டை விட்டுவிட்டு, வெளியூர் பைபிள் காலேஜில் சேர்ந்து முழுநேர ஊழியத்துக்குப் போய்விடலாமா?
பெயர் வேண்டாம், சென்னை-39.

பதில்: தம்பி, நீ என் பிள்ளை வயசு, அதனால் நீ என்றே எழுதுகிறேன். நாலு மாதம் தொடாமல் இருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லிக் கை தட்ட உன் சபையில் ஆள் இருக்கிறார்கள். நான் சிலிண்டருக்கு வருகிறேன்.

போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய், சங்கிலியை இன்னும் எடுக்கவில்லை என்று. ஏன் போட்டார் என்று எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை, இந்தப் பகுதிக்கு வருகிற கடிதங்களில் சிலிண்டர் எத்தனை தடவை வந்திருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும். டிவி போகும், மிக்ஸி போகும், பித்தளைக் குடம் போகும், கடைசியில் சிலிண்டர் போகும். வீட்டுக்கு வருகிற 14.2 கிலோ சிலிண்டர், இரும்பையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 30 கிலோ. சாப்பிடாமல், தூங்காமல், ஊசி குத்திய கையோடு திரிந்த காலத்திலும் அதை மூன்று மாடி இறக்கிக்கொண்டு போக உனக்குத் தெம்பு இருந்திருக்கிறது.

அன்றைக்குச் சாயங்காலம் அம்மா வேலை முடிந்து வந்து அடுப்பங்கரையில் டியூப் மட்டும் தொங்குவதைப் பார்த்திருப்பார். அன்று ராத்திரி வீட்டில் எதை வைத்துச் சமைத்தார்கள்? உனக்குத் தெரியுமா? சிலிண்டர் காணோம் என்று ஏஜென்சிக்குப் போனால் போலீஸில் புகார் கொடுத்த நகலைக் கேட்பார்கள். யார் எடுத்தது என்று ஸ்டேஷனில் கேட்டால் அந்த அம்மா யார் பெயரைச் சொல்லியிருப்பார்? சொல்லியிருக்க மாட்டார். யாரிடமோ கடன் வாங்கி, எங்கேயோ கெஞ்சி இன்னொரு சிலிண்டர் வாங்கியிருப்பார், அதற்கும் மேலே ஒரு சங்கிலியும் பூட்டும் வாங்கியிருப்பார். ஒரு தடவை போனதற்கு யாரும் சங்கிலி போட மாட்டார்கள், அதனால் எத்தனை தடவை என்றும் நான் கேட்கவில்லை.

இன்னொன்றும் யோசித்துப் பார். சிலிண்டர் போடுகிற பையன் மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி வந்து நிற்பான். அவன் முன்னால் அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, சாவி எடுத்து, குனிந்து பூட்டைத் திறந்து, காலி சிலிண்டரை எடுத்துக் கொடுத்து, புதுசுக்கு மறுபடி சங்கிலி சுற்றிப் பூட்ட வேண்டும். யாருக்காகப் பூட்டு என்று அந்தப் பையன் கேட்க மாட்டான். அந்த பிளாக் முழுக்கத் தெரியும். நீ உள்ளே இருந்த 14 மாதமும் இதே கதைதான் நடந்திருக்கும், ஏனென்றால் ஒரு தடவை பூட்டப் பழகிய கை சும்மா இருக்காது. இந்த அம்மாவைப் பற்றித்தான் நீ எனக்குப் புகார் எழுதுகிறாய்.

உன் கடிதத்தில் நான் தேடிப் பார்த்த ஒரு வரி இல்லை. புழலுக்கு மனு போட்டுப் பார்க்க வந்தது யார்? ஊழியத்துக்கு வந்த சகோதரர்களை எழுதியிருக்கிறாய், நல்ல மனுஷர்கள், யாரும் எட்டிப் பார்க்காத இடத்துக்கு வந்தார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வேலை செய்கிற வீட்டில் லீவு சொல்லி, அந்த நாள் சம்பளம் போனாலும் போகட்டும் என்று மூலக்கடையில் பஸ் பிடித்து வந்து, வெயிலில் வரிசையில் நின்று, தடுப்புக்கு அந்தப் பக்கம் உன் முகத்தைப் பார்த்துவிட்டுப் போன ஆள் ஒருத்தர் இருந்திருப்பார் அல்லவா? சாட்சி சொல்லும்போது அவரைச் சொல்கிறாயா, இல்லை சிலிண்டர் விற்றதை மட்டும்தான் சொல்கிறாயா? சபை அழுதிருக்கும். அழுதவர்களில் ஒருத்தர்கூட அந்தச் சிலிண்டரின் கடனை அடைத்திருக்க மாட்டார்கள்.

நான் சர்ச்சுக்குப் போகிறவள் இல்லை. ஆனால் ராயபுரத்தில் கான்வென்டில் படித்தவள், பைபிள் வகுப்பில் தூங்காத நாலைந்து பேரில் நானும் ஒருத்தி. அந்தப் பழக்கத்தில் ஒன்று கேட்கிறேன், பைபிளில் பிலேமோனுக்குப் பவுல் எழுதின நிருபத்தை, அதாவது கடிதத்தைப் படித்திருக்கிறாயா? ஒரே அதிகாரம், 25 வசனம், டீ ஆறுவதற்குள் படித்துவிடலாம். ஒநேசிமு என்கிற அடிமை தன் எஜமான் பிலேமோனை விட்டு வந்துவிடுகிறான். சிறையில் இருக்கும் பவுலிடம் வந்து சேர்ந்து, அங்கேதான் விசுவாசத்துக்கு வருகிறான். அப்படியே உன் கதை. பவுலுக்கு அவனைக் கூடவே வைத்துக்கொள்ள ஆசை, எழுதியும் இருக்கிறார். ஆனால் வைத்துக்கொள்ளவில்லை. யாரிடமிருந்து வந்தானோ அங்கேயே திருப்பி அனுப்புகிறார், அவன் ஏதாவது பாக்கி வைத்திருந்தால் என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள், நானே தருகிறேன் என்றும் எழுதுகிறார். (அடிமையை எஜமானிடம் திருப்பி அனுப்பலாமா என்பது வேறு சண்டை, அதை இன்னொரு வாரம் போடலாம்.) உன் பாஸ்டரிடம் போய், ஐயா, என் வீட்டுப் பாக்கியை உங்கள் கணக்கில் எழுதிக்கொள்கிறீர்களா என்று ஒரு தடவை கேட்டுப் பார். அவர் முகத்தைப் பார்த்தால் முழுநேர ஊழியத்துக்கு இன்னும் எவ்வளவு நாள் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

சாமி படங்களுக்கு வருவோம். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த இடம் இது. அந்த வீட்டிலிருந்து நீ எடுத்துக்கொண்டு போனதெல்லாம் போதாதா? மிச்சம் இருப்பது சுவரில் மாட்டிய அம்மன் படம், அதையும் எடு என்கிறாய். நீ ஊசியோடு எங்கே விழுந்து கிடக்கிறாயோ என்று தெரியாத ராத்திரிகளில் அந்த அம்மா அந்தப் படத்தின் முன்னால்தான் உட்கார்ந்திருப்பார். ஆடி மாசம் உனக்காக வேண்டிக்கொண்டு கூழ் ஊற்றியும் இருப்பார். நீ யாரைக் கும்பிடுவது என்பது உன் விருப்பம், அதில் தலையிட அம்மாவுக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை. அதே உரிமை அவருக்கும் உண்டு, வாடகை கட்டுவதும் அவர்தான்.

அப்புறம், ஒரே ராத்திரியில் ஆசை போய்விட்டது என்கிறாய். நான் மறுக்கவில்லை. மாலை போட்ட 48 நாளும் தொடாமல் இருந்துவிட்டு, மலை இறங்கிய மறுநாளே கடை வாசலில் நிற்கிறவர்களின் மனைவிமாரும் எனக்கு எழுதுகிறார்கள். பக்தி பொய் என்று சொல்லவில்லை. உடம்புக்குத் தனிக் கணக்கு இருக்கிறது என்கிறேன். நீ ஏற்றிக்கொண்டது அபின் வகை மாத்திரையாகத்தான் இருக்கும். அதை விட்டு மாதக்கணக்கில் இருந்தால் உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடும். ஒரு நாள் தடுக்கி விழுந்து, பழைய நினைப்பில் பழைய அளவைப் போட்டால் மூச்சு நின்றுவிடும். ஜெயிலிலிருந்து வந்த முதல் வாரங்களில் இப்படிச் சாகிறவர்கள் உலகம் முழுக்க உண்டு. நீ அதைத் தாண்டிவிட்டாய், சரி, ஆனால் அந்த ஆபத்து அப்படியேதான் இருக்கிறது. அதனால் ஜெபத்தோடு டாக்டரையும் பார். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் போதை மீட்புக்குச் சிகிச்சை இருக்கிறது. இந்திரா நகரில் சாந்தி ரங்கநாதன் அம்மா 1980-ல் ஆரம்பித்த டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த பிறகு அவர் தொடங்கியது அது, குடும்பத்தாரையும் உட்காரவைத்துப் பேசுவார்கள். 14446 என்ற இலவச எண்ணிலும் கேட்கலாம். ஊசி பகிர்ந்துகொண்டிருந்தால் அரசு ஆஸ்பத்திரியில் நம்பிக்கை மையத்துக்குப் போய் எச்.ஐ.வி. பரிசோதனை எடு, கல்லீரலைத் தாக்குகிற ஹெபடைடிஸ் பி, சி இரண்டுக்கும் ரத்தம் கொடுத்துப் பார். சி இருந்தாலும் பயப்படாதே, பெரும்பாலானவர்களுக்கு 12 வாரம் மாத்திரையிலேயே சரியாகிவிடுகிறது. இதைத் தள்ளிப்போடாதே, இந்த வாரமே போ.

வெளியூர் பைபிள் காலேஜ் இப்போது வேண்டாம். வாரத்தில் ஆறு நாள் பெயின்டிங் வேலைக்குப் போ. ஏழாவது நாள் சபைக்குப் போ, யாரும் தடுக்கப் போவதில்லை. ஒரு வருஷத்துக்கு மேடை ஏறாதே, மைக் பிடிக்காதே. கைதட்டலும் ஒரு மாதிரி ஏறும் தம்பி, உனக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும். ஒரு நோட்டு வாங்கி, அந்த வீட்டிலிருந்து என்னென்ன எடுத்தாய் என்று நினைவு வருகிற வரைக்கும் எழுது. யாருடையது, எவ்வளவுக்கு விற்றாய், இன்றைக்கு வாங்கினால் என்ன விலை என்று பக்கத்தில் குறித்துவை. குடியையும் போதையையும் விட்டவர்கள் கூடுகிற ஏ.ஏ., என்.ஏ. கூட்டங்களிலும் இதைத்தான் சொல்வார்கள், யாருக்கெல்லாம் கெடுதல் செய்தாயோ பட்டியல் போடு, முடிந்த இடத்தில் ஈடு செய் என்று. முதலில் தங்கையின் லேப்டாப். பிளஸ் டூ படித்ததற்கு அரசாங்கம் கொடுத்தது அது, அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்த ஒரே பொருளாகக்கூட இருந்திருக்கலாம். வாங்கி மேஜையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடு. மன்னிப்பு கேட்கிறேன் என்று நின்று அவளை அழவைக்காதே. அவள் பேசினால் பேசட்டும், பேசாவிட்டால் அதுவும் அவள் இஷ்டம்.

சங்கிலியைப் பற்றி இனிமேல் வாயே திறக்காதே. ஜாடையாகக்கூட வேண்டாம், சாப்பிடும்போது அதைப் பார்த்துப் பெருமூச்சு விடவும் வேண்டாம். அடுத்த தடவை சிலிண்டர் வரும் என்று மெசேஜ் வந்ததும் வேலைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டில் இரு. கீழே இறங்கிப் போய், அந்தப் பையனிடமிருந்து வாங்கி, மூன்று மாடியும் நீ தூக்கி வா. அம்மா சாவி எடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே. சங்கிலி நழுவாமல் பிடித்துக்கொள், அவர் பூட்டட்டும். அப்புறம் ரெகுலேட்டரை மாட்டி, கசிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மிச்ச அரை நாள் வேலைக்குக் கிளம்பு.