செம்பருத்தியா, நந்தியாவட்டையா?

கேள்வி: வாசலில் ஒரு பூச்செடிக்குத்தான் இடம். காலையில் இரண்டு மணி நேரம்தான் வெயில் விழும். செம்பருத்தி வைக்கவா, நந்தியாவட்டையா?
– திருச்சி வாசகி

பதில்: நந்தியாவட்டையே வையுங்கள். செம்பருத்திக்கு ஐந்தாறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும், இல்லாவிட்டால் இலை மட்டும் தளதளவென்று வளரும், வருகிற நாலு மொட்டும் கொட்டிவிடும், அப்புறம் மாவுப்பூச்சி வேறு, வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து அடித்து அடித்தே எனக்குக் கை ஓய்ந்துவிட்டது. நந்தியாவட்டை அரை நிழலிலும் பூக்கும், பூச்சித் தொல்லையும் குறைவு. அடுக்கு ரகமாகக் கேட்டு வாங்குங்கள், இரவில் வாசனை வரும். ஒடித்தால் பால் வடியும், சின்னக் குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். செம்பருத்தி ஆசை விடவில்லையா? சரி, மொட்டைமாடியில் தொட்டியில் வையுங்கள். புதுத் துளிரில்தான் பூக்கும் என்பதால் அவ்வப்போது கிளைகளை வெட்டிக் கவாத்து செய்ய வேண்டும்.